மதகடியில் கிடந்த மஞ்சள் பெட்டி

மந்தாரக்குப்பம்,
புதன்கிழமை.

அன்புள்ள நந்தினிக்கு,

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் ஒரு கேடா என்று நினைப்பாய். போனில் என்றால் நான் பாதி சொல்லும்போதே "பரவால்ல, வுடுடி" என்று சொல்லிவிடுவாய். முழுவதும் தெரிந்த பிறகு நீ என்ன சொல்வாயோ, அதுதான் எனக்கு வேண்டும்.

முதலில் உன் அப்பா. இடுப்பு ஆபரேஷன் முடிந்து நான்கு நாள் ஆகிறது. நேற்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடந்தார். நாய்க்கடி ஊசி இரண்டு போட்டாயிற்று, மூன்றாவது நாளைக்கு. ஆஸ்பத்திரி இட்லியை வாயாரத் திட்டுகிறார். அதனால் தேறிவிட்டார் என்று நான் முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்கிறார்கள். லீவு கிடைக்காமல் நீ புனேயில் படும் பாடு எனக்குத் தெரியும். அலைந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை போனில் அழுதுகொண்டே, நீ மட்டும் இல்லையென்றால் எங்கப்பா ரோட்டிலேயே கிடந்திருப்பார், உனக்குக் கோயில்தான் கட்ட வேண்டும் என்றாய். அடுத்த மூச்சிலேயே, கோழிக் குடலைக் கொட்டிக் கொட்டி அந்த நாய்களை வளர்த்துவிட்டவன் வீடு விளங்காது என்று சபித்தாய். கோயிலும் சாபமும் ஒரே வீட்டுக்குத்தான் வந்தன, நந்து. கொட்டியது நான்தான்.

என் வீட்டுக்காரர் சுதாகருக்கு நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் முடிந்து, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் ஃப்ரைடு சிக்கன் கடை போட்டோம். 'கொக்கரக்கோ' என்று பெயர் வைத்தவளே நீதானே. மஞ்சள் பெட்டியில் சேவல் படம் போட்டு நீ அனுப்பியதைப் பார்த்து அன்று எப்படிச் சிரித்தோம்! கடை ஓடியது, பொய் சொல்ல மாட்டேன். செகண்டு ஷிப்டுக்குக் கேரியர் தூக்கிக்கொண்டு போனவர்களெல்லாம் பெட்டி வாங்கிப்போக ஆரம்பித்தார்கள். பிறந்தநாள் என்றால் பிள்ளைகளுக்குக் கேக்கோடு நம் பெட்டியும் வேண்டும். என் மகள் சண்முகப்பிரியா குழம்புச் சோற்றைப் பார்த்தாலே முகத்தைச் சுளிக்கிறாள். யாரைக் குறை சொல்வது, பழக்கியவளே நான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளில் எண்பது கோழி அறுப்போம். தோல், குடல், இறகு எல்லாம் கறுப்புக் கவரில் கட்டினால் நாலு மூட்டை வரும். கோழிக்கழிவு எடுக்க வண்டி இருக்கிறது. காலை ஆறு மணிக்கு மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். முதல் மாதம் ஒழுங்காக ஏற்றினேன். பிறகு உடம்பு அசந்தது. கடைக்குப் பின்னால்தான் ஓடை போகிறதே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று போட ஆரம்பித்தேன். கறுத்துப்போன எண்ணெயும் அங்கேதான். சுதாகர் இரண்டு தடவை வேண்டாம் என்றார். நான்தான் கேட்கவில்லை.

எந்த ஓடை என்று கேட்க மாட்டாய். மைன்ஸிலிருந்து இறைத்துவிடும் தண்ணீர் சலசலவென்று ஓடும், மதகின் மேல் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஃபர்ஸ்ட் ஷிப்டு பஸ்ஸுக்குக் காத்திருப்போமே, அதேதான். அப்பா இறங்கி வந்ததும் கேரியரின் மேல் தட்டைத் திறப்பார். கேன்டீன் போண்டா ஒன்று பேப்பரில் சுற்றி இருக்கும். பசியோடு வேலை பார்த்த மனுஷன், அதைத் தின்னாமல் கொண்டு வருவார். இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை என்னிடம் நீட்டுவார். நீ முறைப்பாய். "அவுங்கப்பா கான்ட்ராக்ட்டு. டோக்கன் கெடயாதும்மா. அது துன்னட்டும்" என்பார். உங்கள் குவார்ட்டர்ஸில் எனக்கென்று தனித் தட்டு இருந்ததில்லை. உன் தட்டும் என் தட்டும் மாறிப்போகும், அம்மா கண்டுகொள்ள மாட்டார்கள். கேன்டீன் போண்டாவெல்லாம் எங்களுக்கு அப்போது எங்கே கிடைத்தது! எண்ணெய் ஊறிய அந்தப் பேப்பரைக்கூட ஒரு வெள்ளாடு வந்து தின்றுவிட்டுப் போகும். இன்றைக்கு அந்தத் தண்ணீரில் கால் வைக்க முடியாது. மேலே எண்ணெய்ப் படலம், மூக்கைத் துளைக்கும் நாற்றம், பதினைந்து நாய்கள். பச்சைக் குடல் தின்று பழகியதால் சோறு போட்டால் மோந்துகூடப் பார்ப்பதில்லை. மூன்று மாதம் முன்பு சைக்கிளில் போன பள்ளிக்கூடப் பிள்ளையை அவை துரத்தியதை என் கண்ணால் பார்த்தேன். நாம் மட்டுமா கொட்டுகிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ரிட்டயர் ஆகி ஒன்பது வருஷம் ஆகியும் அப்பா ஃபர்ஸ்ட் ஷிப்டு நேரத்துக்குத்தான் எழுந்திருக்கிறார். அம்மா போன பிறகு வீட்டில் யார் இருக்கிறார்கள், டார்ச்சை எடுத்துக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடுகிறார். போன புதன்கிழமை சாயந்திரம் மழை. நான் ஓடைக்குள் இறங்கச் சோம்பல்பட்டு மூட்டையை மதகடியிலேயே வீசிவிட்டு வந்தேன். வியாழக்கிழமை விடியலில் கூச்சல் கேட்டு ஓடினேன். பால்காரர் நாய்களை விரட்டிக்கொண்டிருந்தார். கவர் கிழிந்து குடலும் இறகும் சிதறிக் கிடக்க, நடுவில் அப்பா. பத்துப் பேர் கூடிவிட்டார்கள். தோள் துண்டைச் சுருட்டி நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தார். வலியில் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் கேட்டபோது, "இருட்டுல வால மிதிச்சிட்டன் சார், நாயி மேல தப்பில்ல" என்றார்.

அவரை உள்ளே கொண்டுபோன பிறகு நர்ஸ் அந்தத் துண்டை என் கையில் கொடுத்தாள். பிரித்தேன். உள்ளே நசுங்கிய மஞ்சள் பெட்டி. சேவல் படம். 'கொக்கரக்கோ'.

இடுப்பு உடைந்து கிடந்தபோதும், கூடியவர்கள் கண்ணில் என் கடைப் பெயர் படக்கூடாது என்று, மூட்டையிலிருந்து விழுந்ததை எடுத்து மறைத்திருக்கிறார், நந்து. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை உன் அப்பாவைச் சுட்டது. இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பாப்பா சாப்ட்டுச்சா, நீ கெளம்பு" என்பதோடு சரி. அவர் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

கடையை மூடி ஆறு நாளாகிறது. நானும் சுதாகரும் ஓடையில் இறங்கி முடிந்தவரை அள்ளினோம். மூட்டையை வண்டியில் ஏற்றும்போது கேட்டவர்களிடமெல்லாம் எங்கள் கழிவுதான் என்று சொன்னேன். மறுபடி கடையைத் திறப்பதா, பிழைப்புக்கு என்ன செய்வது என்று எதுவும் தெரியவில்லை. அந்தப் பெட்டி என் அலமாரியில் இருக்கிறது.

சனிக்கிழமை முதல் அப்பாவுக்கு வேளாவேளைக்கு நான் சமைத்துக் கொண்டுபோகலாம் என்றிருக்கிறேன். ரசம், கீரை, அவருக்குப் பிடித்த முருங்கைக்காய்ச் சாம்பார். இதைப் படித்த பிறகு என் முகத்தில் விழிக்கப் பிடிக்காவிட்டால் போன் பண்ண வேண்டாம். உன் சாபத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டாம். நான் வாசல்படி ஏறக்கூடாது என்றாலும் சரி, கேரியரை வெளியே வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். சோறு கொண்டு வராதே என்று மட்டும் சொல்லிவிடாதே, நந்து.

பெரிய பாதியை வாங்கித் தின்றவள்,
எழில்மதி.