உமைரின் பல்லுக்குத் தோற்காத ஒன்று

புக்கிட் மேரா, சிங்கப்பூர்
சனிக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு

அன்பு மகள் ஷமீமாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தம்பி உமைரும் நல்ல சுகம். மான்செஸ்டர் குளிரில் நீயும் மாப்பிள்ளை அன்வரும் பிள்ளை இல்ஹாமும் இதே சுகத்தோடு, காலில் உறையோடு இருக்க துஆ செய்கிறேன்.

போன கடிதம் ஒரு மூலை இல்லாமல் வந்தது என்று சொன்னாய். தபால்காரர்மேல் பழி போடாதே. தபால் பெட்டிவரை கடிதத்தைக் கொண்டுபோவது உமைரின் வேலை, போகிற வழியில் அவன் பல்லுக்கு ஏதாவது வேண்டும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனில் அரைகுறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை, முழுதாக எழுதினால்தான் திருப்தி. துணி வெளுக்கும் தொழிற்சாலையில் ஹோட்டல் துண்டுகளை மடிக்க உமைரைச் சோதனைக்காலத்துக்கு எடுத்தார்கள் அல்லவா, அவன் மடித்த துண்டில் எங்கள் கான்வென்ட் தையல் சிஸ்டர்கூடக் குறை கண்டுபிடித்திருக்க மாட்டார், ஓரத்தோடு ஓரம் அப்படி நிற்கும். முப்பத்தொரு வயதில் அமைந்த முதல் வேலை, காலையில் நான் எழுப்பாமலே கிளம்பி நிற்கிறான். ஆனால் அந்த இயந்திரச் சத்தத்தில் எதையாவது கடித்துக்கொண்டிருந்தால்தான் அவனால் நிற்க முடிகிறது. சட்டைக் காலரைக் கடித்தால் ஈரம் சொட்டி வெளுத்த துண்டில் படுகிறது. கடிப்பதற்கென்று கழுத்தில் சிலிகான் பதக்கம் மாட்டிவிட்டோம், அதைக் கடித்துத் துண்டாக்கி, அந்தத் துண்டு மடித்த துணிக்குள் போய்விட்டது. விழுங்காமல் விட்டானே என்று நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். மேற்பார்வையாளர் செல்வராஜ் நல்ல மனிதர், கோபிக்கவில்லை, ஆனால் உமைருக்கு வேலை பழக்கும் சுஷ்மிதாவிடம், 'இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா என்னால வச்சுக்க முடியாதும்மா, கஸ்டமர் கம்ப்ளைன் பண்ணுவாங்க' என்று சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் அவன் பல்லுக்குத் தோற்காத ஒன்று கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை பழையபடி வீட்டோடு.

தேக்காவில் குழந்தைச் சாமான் கடையில் இருந்ததிலேயே தடிமனான வளையம் ஒன்று வாங்கினேன், பஸ் வீடு வந்து சேர்வதற்குள் அது இரண்டாகிவிட்டது. அடுத்த வாரம் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடைக் கண்ணாடியில் கெட்டியான கறுப்பு ரப்பர் வளையம் தொங்கியது. மூக்குக்கண்ணாடி பைக்குள் இருந்ததால் பெயர்ப்பலகையைப் படிக்கவில்லை. உள்ளே போய், இருப்பதிலேயே உறுதியானது வேண்டும், எதையும் கடித்துக் குதறிவிடுகிறான் என்றேன். ஜெய் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பையன், 'எத்தன கிலோ இருப்பான் ஆன்ட்டி?' என்று கேட்டான். எண்பத்திரண்டு என்றேன். 'அவ்வளவு பெருசா? என்ன பிரீடு லா அது?' என்றான். அப்போதுதான் சுவரெல்லாம் நாய்ப் படம் இருப்பதைக் கவனித்தேன். நான் விடுவேனா, முதுகை நிமிர்த்திக்கொண்டு, 'நாகூர் மரைக்காயர் குடும்பம், என் மகன்' என்றேன். பாவம், பையன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். நான் சிரித்த பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. 'இது மனுஷன் வாயில வைக்கிற சாமான் இல்ல ஆன்ட்டி, உங்களுக்கு விக்க மாட்டேன்' என்று வாசல்வரை வந்து வழியனுப்பினான், நல்ல வளர்ப்பு. உன் வாப்பா இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு நோன்பு மாதத்தை ஓட்டியிருப்பார்.

அதன் பிறகுதான் உன் பார்சல் வந்தது. கட்டைவிரல் தடிமனில் கறுப்புக் குழாய், பலமாக இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் கயிறு, பெரியவர்கள் கடிப்பதற்கென்றே செய்தது என்று மேலேயே போட்டிருந்தது. நானும் கடித்துப் பார்த்தேன், பொய்ப்பல் ஆனதால் ரொம்பத் துணியவில்லை. எத்தனை கை பட்டு வந்ததோ என்று டெட்டாலில் ஊறவைத்து, எலுமிச்சை தேய்த்து, கொதிநீரில் அலசிக் கொடுத்தேன். உமைர் முகர்ந்து பார்த்துவிட்டு சோபாவுக்குப் பின்னால் எறிந்தான். தரையில் விழுந்ததாயிற்றே என்று மறுபடி டெட்டாலில் போட்டேன், மறுபடி எறிந்தான். நான் கழுவ, அவன் எறிய, மாதம் ஓடிக்கொண்டிருந்தது. சுஷ்மிதா வந்தவள், 'ஆன்ட்டி, கழுவுறத நிறுத்துங்க லா, கிளினிக் மாதிரி நாறுது' என்றாள். சுத்தம் என்றால் இந்தக் காலத்துப் பெண்களுக்கு இளக்காரம் என்று நினைத்துக்கொண்டேன். அன்று வியாழக்கிழமை. மஃரிப் தொழுகைக்குப் பிறகு சாம்பிராணி போட்டு, மறுநாள் ஜும்ஆவுக்கு உடுத்தும் சட்டையைப் புகைமேல் பிடிப்பது உமைரின் பொறுப்பு அல்லவா, கண்ணில் படட்டுமே என்று குழாயை அந்தச் சட்டைப் பொத்தானில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். அவன் அதை அவிழ்க்கவுமில்லை, எறியவுமில்லை, சட்டையோடு சேர்த்துப் புகை காட்டினான். மறுநாள் பக்கத்து வீட்டு ஹுசைன் அவனைப் பள்ளிவாசலுக்கு அழைத்துப்போய்த் திரும்பியபோது குழாய் வாயில் இருக்கிறது, காலர் நான் இஸ்திரி போட்டபடி மொடமொடவென்று இருக்கிறது. 'பயான் பேச்சு முடியிறவரைக்கும் அசையல லாத்தா, எனக்குத்தான் தூக்கம் வந்துச்சு' என்றார் ஹுசைன். இப்போது லேசான சோப்பில் கழுவி, சாம்பிராணி ஏறிய சட்டைகளுக்கு நடுவில் வைக்கிறேன். தினமும் இழுத்துப் பார்க்கிறேன், பல் தடம் இருக்கிறது, பிளவு இல்லை. டெட்டால் இனி தரைக்கு மட்டும்.

நேற்று செல்வராஜ் தானே போன் செய்தார், வேலை நிரந்தரம். 'உங்க பையன் மடிச்சதக் காட்டித்தான்மா மத்தவங்களுக்குச் சொல்லிக்குடுக்குறேன்' என்றார். அவர் சொல்லாததையும் சுஷ்மிதா சொன்னாள். புதிதாகச் சேர்ந்த ஒருவர், 'வாயில என்னப்பா?' என்று கேட்டாராம். யார் கேட்டாலும் பதில் சொல்லாத உமைர், மடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், 'லாத்தா அனுப்புனது' என்றானாம், அவன் அக்கா உன்னைத்தான். அவளை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன் ஷமீமா.

மாப்பிள்ளை இருமலுக்கு மிளகு தட்டிப் போட்டுக் கொடு, கடை மருந்தை நம்பி உட்காராதே. இல்ஹாம் எழுதிய தமிழைத் திருத்தி உள்ளே வைத்திருக்கிறேன், சிவப்பு மையைப் பார்த்து அழக் கூடாது, எழுத்து முன்னைக்கு மேல். எனக்குக் கம்பளிச் சால்வை அனுப்பாதே, இந்த ஊர் வெயிலில் என்ன செய்ய. அனுப்புவதானால் அதே குழாய் இன்னும் இரண்டு, அதே உறுதி, அதே கறுப்பு. அழகாக இருக்கிறதென்று நீலம் வாங்கிவிடாதே.

உங்கள் மூவரின் சம்பாத்தியத்திலும் ரிஸ்கிலும் ஆயுளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. தொழுகையை விடாதே, காலை உணவையும் விடாதே.

என்றும் உன் நினைவோடு,
உம்மா சாயிரா பானு

கடிதம் கைக்கு வந்ததும் எனக்குப் போன் போடு. உமைர் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான், குழாய் கழுத்தில் இருக்கிறது. நாலு மூலையும் இருக்கிறதா என்று எண்ணிச் சொல். இருக்கும்.