மூன்று வெளியே, இரண்டு உள்ளே

மார்ச் 3

இவருடைய சிறுநீரகங்கள் பழுதாகி இரண்டு வருடம். உப்பைக் குறைக்கச் சொன்ன நாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் தினமும் பஞ்சாயத்து. இன்று கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று ஒரு பாக்கெட். வாங்கிவிட்டேன். அதைப் போட்ட குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மார்ச் 10

பதினொன்றாம் வகுப்பில் செல் சவ்வு. நெரிசலான பக்கத்திலிருந்து காலியான பக்கத்துக்குத் தானாகக் கசியச் சக்தி வேண்டாம். சவ்வில் இருக்கும் பம்ப் அப்படியில்லை, சக்தியைச் செலவழித்து எதிர்த்திசையில் தள்ளுகிறது. மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே. இருபத்திரண்டு வருடமாக நடத்துகிறேன், இன்னும் புல்லரிக்கிறது. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

மார்ச் 14

படியேறக் கால் வரவில்லை என்கிறார். வயசாகிவிட்டது என்று கிண்டல் செய்தேன்.

மார்ச் 17, மருத்துவமனை

காலையில் இவரால் எழுந்து நிற்க முடியவில்லை. இரத்தத்தில் பொட்டாசியம் 7.4; ஐந்தைத் தாண்டக் கூடாது. எந்த நிமிடமும் இதயம் நின்றுவிடலாமாம்.

நர்ஸ் இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்ற வந்தார். நான் சண்டைக்குப் போனேன் — இவருக்குச் சர்க்கரை நோயே இல்லையே?

கை வேலையை நிறுத்தாமலே சொன்னார்: “இன்சுலின் குடுத்தா செல்லுல இருக்கிற பம்ப் வேகமா வேலை செய்யும்மா. ரத்தத்துல நிக்கிற பொட்டாசியத்த உள்ள தள்ளிடும். குளுக்கோஸ், சுகர் ரொம்ப இறங்காம இருக்க.”

என் பாடத்தை எனக்கே நடத்துகிறார். ஒரு மணி நேரத்தில் 6.3. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோடானுகோடி பம்புகளை நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த நர்ஸையும்தான்.

பிறகு அவர் கேட்டார், வீட்டில் உப்புக்குப் பதிலாக வேறு ஏதாவது போடுகிறீர்களா என்று.

அந்த உப்பில் பாதி பொட்டாசியம் குளோரைடு; பழுதான சிறுநீரகங்களால் அதை வெளியேற்ற முடியாது. பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. விடைத்தாளில் ஒரு பிளஸ் குறி விட்டுப்போனால் அரை மதிப்பெண் குறைக்கிறவள் நான். படிக்கலையே. ஏன் படிக்கல?

மார்ச் 18

இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 20

5.0. ஆபத்து நீங்கியது என்றார்கள். சொல்லிவிட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 21

வீடு வந்தோம். பேச்சில்லை. திட்டினாலாவது தேவலை.

மார்ச் 22

மதியம் மாத்திரை கொடுக்கும்போது, “நர்ஸ் சொன்ன அந்த பம்ப் என்னதான் பண்ணுது?” என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் பாடத்தைப் பற்றி இவர் கேட்ட முதல் கேள்வி. ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன்.

“இதுக்கு ஓய்வே கெடையாதா?”

“உயிர் இருக்கிற வரைக்கும் கெடையாது.”

ஊசி ஏறிய தன் முழங்கை மடிப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார்.

“நீ அஞ்சு நாளா தூங்கல. வந்து படு.”

படுத்தேன். தூங்கி எழுந்து இதை எழுதும்போது மாலை மணி ஐந்து.