ஆளில்லாத படங்கள்

பெட்டியைத் திறந்ததும் சோப்பு மணம்தான் முதலில் வந்தது. லீவுக்கு வரும்போதெல்லாம் சொந்தக்காரர்களுக்குப் பங்கு வைக்க நீங்கள் கட்டுக் கட்டாக வாங்கி வருவீர்களே, அந்த மஞ்சள் சோப்பு. மஸ்கட்டில் உங்களோடு தங்கியிருந்தவர்கள் உங்கள் சாமான்களைக் கட்டி அனுப்பியபோது துணிகளுக்கு நடுவில் அதையும் வைத்திருக்கிறார்கள். பெட்டி வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்று காலையில்தான் அதைத் திறந்தேன்.

திறக்க வைத்தது உங்கள் தங்கை. முதலாம் ஆண்டு நினைவுக்குத் தெரு முக்கில் ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டுமாம். அதற்கு உங்கள் படம் வேண்டும்.

“பாஸ்போர்ட் சைஸ் இருந்தாப் போதும் மைனி. ஸ்டூடியோக்காரன் கம்ப்யூட்டர்ல கோட்டு சூட்டு போட்டுத் தருவான்.”

“ஒங்க அண்ணன் கோட்டு போட்டு ஆரு கண்டா?”

“இப்ப செத்த ஆளுவளுக்கு எல்லாம் போடுதாவ. நம்ம போடாட்டி, வெளிநாட்டுல கெடந்த மனுசனுக்கு ஒரு கோட்டு கூட இல்லியான்னு கேப்பாவ.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டடங்களுக்கு வயர் இழுத்த மனிதர் நீங்கள். நீல உடுப்பும் முதுகில் உப்புப் பூத்த வியர்வையுமாகத்தான் உங்களை அங்கே பார்த்தவர்கள் பார்த்திருப்பார்கள். இந்த வருடத்தில் நான் சிரித்ததை அவள் பார்த்தது இதுதான் முதல் தடவையாக இருக்கும். அந்தத் தைரியத்தில் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“விடுங்க மைனி. அண்ணன் இருந்த காலத்துலயும் நீங்க தனியாத்தானே இருந்திய. ஒங்களுக்குப் பழகினதுதானே.”

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அவள் மேல் கோபமில்லை. இதையே கோயில் வாசலிலும் அலுவலகத்திலும் வேறு வேறு வார்த்தைகளில் கேட்டுவிட்டேன். பிள்ளைகளும் இல்லாத வீடு, எனக்கு ஒன்றும் புதிதாக மாறியிருக்காதே என்கிறார்கள். பதில் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நாம் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டிப் பார்க்க எனக்குப் பயம். அவர்கள் சொல்வதுதான் உண்மையோ, நமக்குள் இருந்தது லீவுகள் மட்டும்தானோ என்ற கேள்வி இந்த ஒரு வருடமாக என்னோடுதான் சாப்பிட்டு என்னோடுதான் படுக்கிறது.

பெட்டியில் பாஸ்போர்ட் படம் கிடைக்கவில்லை. உங்கள் போன் இருந்தது. அதைச் சார்ஜில் போட்டேன். தங்கை சாயா போட அடுக்களைக்குப் போனாள்.

அதில் உங்கள் முகம் இருக்காது என்று எனக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். முகங்களை எடுக்கிற ஆள் இல்லையே நீங்கள். என்னிடமும் முகம் கேட்டதில்லை. நல்ல சேலை கட்டி, பூ வைத்து, நான் அனுப்பிய படங்களுக்கு ஒரு வரி பதில்தான் வரும். வாசல் கேட்டைக் கேட்பீர்கள். வராந்தாவைக் கேட்பீர்கள். அடுக்களை ஜன்னல், பின்வாசல் படி, துணி துவைக்கிற கல்.

“ஆளில்லாத வீட்டப் பாத்து என்ன செய்யப் போறிய?” என்று ஒருமுறை கேட்டேன்.

“எடுக்கது நீதானேட்டி. பின்ன எப்படி ஆளில்லாத வீடு?” என்றீர்கள். “ஒனக்க மூஞ்சி எனக்கு மனப்பாடம். வீடுதான் மறந்து போவுது.”

வெறுமனே எடுத்து அனுப்பினாலும் விடமாட்டீர்கள். இன்னும் ஓரடி பின்னால் போ. வாசற்படியில் நின்று உள்ளே பார்த்து எடு. கதவின் இடது ஓரம் கொஞ்சம் தெரியட்டும். துவைக்கிற கல்லை நான் சுற்றிச் சுற்றி எடுப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மாமி, “ஏட்டி, இந்தக் கல்லுக்கு என்ன கல்யாணமா? மால வாங்கிட்டு வரட்டா?” என்று மதிலுக்கு மேலே தலை நீட்டிக் கேட்டாள். உங்களிடம் சொன்னபோது போனில் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அதற்குப் பிறகும், “மாமி சிரிக்கட்டும். நீ கெழக்க பாத்து ஒண்ணு எடு” என்றீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மனிதருக்கு இது ஒரு கிறுக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன் உயிர் பெற்றது. படங்களைத் திறந்தால் எல்லாமே தவறிப் போய் அழுத்தியதுபோல இருந்தன. மங்கலான வெளிச்சம், சாய்ந்த கோணம், பெயிண்ட் உரிந்த சுவர், கட்டில் கம்பி, பாதித் தலையணை. ஒரே சுவர்தான் திரும்பத் திரும்ப வந்தது. அழித்துவிடலாமா என்று கூட நினைத்தேன். எதற்கும் பார்ப்போம் என்று ஒன்றைப் பெரிதாக்கினேன்.

சுவரில் சின்னச் சின்னப் படங்கள் ஒட்டியிருந்தன. நான் அனுப்பியவை. எங்கோ கடையில் கொடுத்து அச்செடுத்து உங்கள் கட்டிலை ஒட்டிய சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள். கட்டிலின் ஒரு கோடியில் கேட். அதை அடுத்து முற்றம், வராந்தா. வராந்தாப் படத்தில் கதவின் ஓரம் முடிகிற இடத்தில் ஹால் படத்தின் கதவு தொடங்குகிறது. பிறகு அடுக்களை, பின்வாசல், கடைசியில் துவைக்கிற கல். வீட்டுக்குள் நடந்து போகிற வரிசையிலேயே. ஓரடி பின்னால் போ என்று நீங்கள் சொன்னதெல்லாம் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. கதவும் கதவும் சேர வேண்டுமே.

மிக்சியை நான் ஜன்னல் பக்கம் மாற்றி வைத்ததற்குப் பிறகு எடுத்த சுவர்ப் படத்தில், அங்கேயும் மிக்சி ஜன்னல் பக்கம் வந்திருந்தது. பழைய படத்தை உரித்துவிட்டுப் புதியதை ஒட்டியிருக்கிறீர்கள். ரூமில் ஆட்கள் உறங்குகிறார்கள் என்று எப்போதும் வெளியே மாடிப்படியில் உட்கார்ந்துதான் வீடியோவில் பேசுவீர்கள். இந்தச் சுவரை நான் பார்த்ததே இல்லை. நீங்களும் சொன்னதில்லை. வெட்கமாக இருந்திருக்கும்.

ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுவில் சுவர் வெறுமையாக இருந்தது. அந்த இடத்தில் வர வேண்டியது நம் அறை. அதை மட்டும் நீங்கள் கேட்கவில்லை, நானும் அனுப்பவில்லை. பலபேர் புழங்குகிற இடத்தில் அதை ஒட்டக் கூடாது என்று நினைத்திருப்பீர்கள். ஒவ்வொரு படத்திலும் அந்த வெற்றிடத்துக்கு நேர் கீழே உங்கள் தலையணை இருந்தது. மற்றவர்களைப் போலக் கட்டிலின் தலைமாட்டில் அல்ல, நடுவுக்குத் தள்ளி, கால் நீட்ட இடம் போதாமல்.

உறக்கத்திலேயே போய்விட்டீர்கள் என்றுதான் உங்களோடு இருந்தவர் போனில் சொன்னார். எங்கோ அந்நிய இடத்தில், யாருமில்லாமல் என்று அன்றிலிருந்து சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறேன்.

தங்கை சாயாவோடு வந்தாள். “படம் கெடச்சுதா மைனி?”

போனை நீட்டினேன். “இதென்ன, இருட்டாட்டு கெடக்கு” என்றாள். கேட்டைக் காட்டினேன். முற்றத்தைக் காட்டினேன். அதற்குமேல் நான் காட்ட வேண்டியிருக்கவில்லை.

“மைனி, இது நம்ம வீடுல்லா!” அவள் விரல் சுவர் வழியே போய் நடுவில் நின்றது. “ஒங்க ரூம் எங்க?”

நான் தலையணையைத் தொட்டுக் காட்டினேன்.

அவள் சாயாவைத் தரையில் வைத்துவிட்டுப் படத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். அப்போதுதான் அந்தப் பதில் எனக்கு வாயில் வந்தது. “தனியா இருந்து எனக்குப் பழக்கம் இல்ல பிள்ளே. இதுதான் முதல் வருசம்.”

பாஸ்போர்ட் படம் கடைசியில் வீட்டு அலமாரியில், உங்கள் வங்கிப் புத்தகத்தின் உறைக்குள் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். கோட்டுப் போட்டுக்கொண்டு நீங்கள் முக்கில் நிற்கப் போகிறீர்கள். நிற்கட்டும். ஊருக்கு அந்த முகம் போதும்.

சாயா ஆறிப்போயிற்று. என் போனை எடுத்துக்கொண்டு நம் அறைக்குப் போனேன். வாசற்படியில் நின்றேன். பிறகு ஓரடி பின்னால். பிறகு ஜன்னல் பக்கம். மற்ற எல்லா இடத்துக்கும் நீங்கள் சொல்லித்தந்தீர்கள். இந்த அறையை எங்கே நின்று எடுக்கச் சொல்லியிருப்பீர்கள் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. இன்னும் மாறி மாறி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.