வாசலில் சிக்கிய நட்சத்திரம்

அண்ணே,

இன்று காலை என் தம்பி திருவதிகையிலிருந்து ஒரு பலாப்பழத்தைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்து பிளந்தேன். முதல் சுளையைப் பிடுங்குவதற்குள் வீடெல்லாம் அந்த வாசனை. வெளியே கத்திரி வெயில் முடிந்தும் முடியாமல் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருக்கிறது. எனக்கு மட்டும் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. என் வீட்டுக்காரி வசந்தாவிடம் சொன்னேன். அவளும் கொட்டையை உருவிக்கொண்டே, "எனக்குந்தான்" என்றாள். வேறு யாரிடமாவது சொன்னால் இரண்டு பேருக்கும் வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்பார்கள்.

எல்லாம் நீங்கள் செய்த வேலை.

நெய்வேலி அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட்டை நிறுத்தி ஓவர்ஹால் செய்வதென்றால், எந்த வால்வை என்றைக்குக் கழற்றுவது, எந்த போல்ட்டை யார் முடுக்குவது என்று மாதக்கணக்கில் முன்கூட்டியே திட்டம் போடுகிற பிரிவில் இருந்தீர்கள். நான் மைன்ஸில் நிலக்கரி போகிற பெல்ட் ஓடுகிறதா என்று பார்ப்பவன். நின்றால் ஓட்டுவோம், ஓடினால் டீ குடிப்போம். திட்டம் என்கிற சொல்லே எங்கள் பக்கம் கிடையாது. அப்படிப்பட்டவனுக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸாக உங்களை ஒதுக்கியவர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

அந்த வருடம் மே மாதக் கடைசியில், முதல் ஷிப்டுக்கு பஸ் பிடிக்க நான் கிளம்பிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றீர்கள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"பலாப்பழம் உங்க ஊர்ல எந்தத் தோப்புல நல்லாருக்கும்?"

"எதுக்குண்ணே?"

"கிறிஸ்துமஸுக்கு."

நான் பஸ்ஸை விட்டேன். அடுத்த பஸ்ஸில் போகும்போதுதான் எனக்குப் புரிந்தது. முந்தின நாள் சாயங்காலம் பின்கட்டில் அண்ணி போனில் பேசியது எங்கள் வீட்டுக்கும் கேட்டிருந்தது. ஷீபா வருகிறாள். கிறிஸ்துமஸுக்குக் கைக்குழந்தையோடும் புருஷனோடும் வருகிறாள்.

ஷீபா உங்களுக்கு ஒரே மகள். ஓசூரில் கூட வேலை பார்த்த கார்த்திக் என்கிற தர்மபுரிப் பையனை, சர்ச்சும் இல்லாமல் கோயிலும் இல்லாமல் பதிவு ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். நீங்கள் போகவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அண்ணி பின்கட்டில் மகளோடு பேசும்போதெல்லாம் முன் ஹாலில் நீங்கள் டிவி சத்தத்தைக் குறைப்பீர்கள். நியூஸ் வாசிக்கிறவர் பாவம், வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார். இதை நான் ஜன்னல் வழியாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கடையில் வாங்கிய எதுவும் அந்தக் கிறிஸ்துமஸில் இருக்கக் கூடாது என்பது உங்கள் முடிவு. கேக்கில் திராட்சைக்குப் பதிலாக நம்ம ஊர்ப் பலாச்சுளையைப் பாகில் போட்டுக் காயவைத்துச் சேர்ப்பது. முந்திரி என் தம்பி தோப்பிலிருந்து. ஒயின் வீட்டிலேயே. ஸ்டார் வீட்டிலேயே. ஹால் சுவரில் ஒரு பெரிய சார்ட்டை ஒட்டி, ஜூன் முதல் டிசம்பர் வரை கட்டம் கட்டமாகக் கோடு போட்டீர்கள். அண்ணி அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து புலம்பினார்கள். "ஆண்டவரே ஒம்பது மாசத்துல பொறந்துட்டாரு. இவரு ஒரு கேக்குக்கே ஏழு மாசம் எடுக்காரு."

ஜூன் மாதம் முழுக்க நம் இரண்டு வீட்டு மொட்டை மாடியிலும் பலாச்சுளை காய்ந்தது. நம் பிளாக்கிலிருந்த அணில்கள் அத்தனையும் நம் மாடிக்குக் குடிவந்தன. வசந்தா ஒரு குடையும் குச்சியுமாக மாடியில் காவல். "எங்க அப்பன் வூட்டுல வயலுக்குக் கூட நான் காவல் இருந்ததில்ல" என்று திட்டிக்கொண்டே காத்தாள். திட்டிக்கொண்டே தின்றாள் என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரியாதது மாதிரி எடை குறைந்த கணக்கை அணில் மேல் எழுதினீர்கள்.

ஆகஸ்டில் ஒயின் ஜாடி. மூடியைத் துணி கட்டி இறுக்கி, அதன் மேல் அம்மிக் குழவியையும் தூக்கி வைத்தீர்கள். ஒரு மத்தியானம் டமார் என்று சத்தம். மைன்ஸில் வெடி வைக்கிறார்கள் என்று நினைத்து நான் திரும்பிப் படுத்தேன். அப்புறம் அண்ணியின் குரல் கேட்டு ஓடிவந்து பார்த்தால், சமையலறைக் கூரையெல்லாம் ஊதா நிறம். குழவி அரிசி மூட்டைக்குள் கிடந்தது. நீங்கள் பதறவே இல்லை. சார்ட்டில் ஒயினுக்கு நேரே "மறுபடியும்" என்று எழுதினீர்கள்.

ஒவ்வொரு மாதமும் ஒரு சோதனைக் கேக். மணல் போட்ட அண்டாவுக்குள் பாத்திரத்தை வைத்து வேகவைத்தது. முதல் கேக்கை வெட்ட அரிவாள்மணை தேவைப்பட்டது. நீங்களே அதைத் தட்டிப் பார்த்து, "பாய்லருக்குள்ள வைக்கிற செங்கல் தோத்துச்சு" என்றீர்கள். இரண்டாவது களியாக வந்தது. தோற்ற கேக்குகள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தன. என் பையன் அந்த வருடம் பிறந்தநாளுக்குக் கேக் வேண்டாம், இட்லி போதும் என்று சொன்னான்.

இதெல்லாம் போகட்டும். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு ஒரு பையைக் கையில் கொடுத்து கேட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னீர்களே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"நீ கார்த்திக். ஓசூர்லேருந்து வர்ற. நான் உன்னை வரவேற்கிறேன். சரியா?"

நான் கேட்டைத் திறந்து உள்ளே வந்தேன். நீங்கள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்க. பயணம் எல்லாம் சௌகரியமா அமைஞ்சுதா?" என்றீர்கள்.

"கலெக்டர் வந்த மாதிரி இருக்குதுண்ணே."

திரும்பவும் வெளியே அனுப்பினீர்கள். இந்தமுறை, "வாப்பா, வா வா" என்று தோளைத் தட்டினீர்கள். அது கடன்காரனைச் சமாளிக்கிற மாதிரி இருந்தது. மூன்றாவது முறை கையைக் கூப்பினீர்கள், வார்த்தை வரவில்லை. எதிர் வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, "என்னங்க, நாடகமா?" என்று கேட்டார். நீங்கள் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு பேசாமல் உள்ளே போய்விட்டீர்கள். சார்ட்டில் டிசம்பர் இருபத்து நாலுக்கு நேரே "வரவேற்பு" என்று மட்டும் இருந்தது. என்ன சொல்வது என்கிற கட்டம் காலியாகவே கிடந்தது.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. அதனால் ஸ்டாரை வெளியே கட்ட முடியாமல் ஹாலுக்குள்ளேயே கட்டினீர்கள். மூங்கிலைப் பிளந்து, சணலால் முடிந்து, மைதா பசை காய்ச்சிச் சிவப்புத் தாளும் வெள்ளைத் தாளும் ஒட்டி. மாடியில் எந்த இடத்தில் தொங்கும், எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும், எல்லாம் அளந்தீர்கள். பாய்லரையே அளந்தவர் வாசல் அகலத்தை மட்டும் அளக்கவில்லை.

டிசம்பர் நடுவில் ஒருநாள் காலை. தூறல். ஸ்டாரில் பாதி வெளியே, பாதி உள்ளே. நான் வராந்தாவில், நீங்கள் ஹாலில். நடுவில் தாள் ஒட்டியிருந்ததால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

"இடது பக்கம் தூக்கு!"

"உங்க இடதாண்ணே, என் இடதா?"

"ஸ்டாரோட இடது!"

"ஸ்டாருக்கு ஏதுண்ணே இடது?"

"ஏல, தூக்குல!"

முப்பது வருடம் நெய்வேலியில் எல்லா ஊர்ப் பேச்சும் கலந்து, என்னிடமிருந்து 'வந்துகினு', 'போய்கினு' என்கிற 'கினு' கூட உங்களுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கோபம் வந்தால் மட்டும் நாகர்கோவில் முழுசாக வெளியே வரும். ஒரு மூலையை அறுத்துவிடலாம் என்று நான் முன்பே சொன்னதில் ஏறிய கோபம்தான் அது. "அறுத்தா அது ஸ்டார் இல்ல, பட்டம்" என்றீர்கள்.

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஷீபா இறங்கினாள். தோளில் துண்டு சுற்றிய குழந்தை. பின்னால் இரண்டு பெட்டிகளோடு ஒல்லியாக, கண்ணாடி போட்ட பையன். லீவு மாறிப்போய் ஒரு வாரம் முன்னாலேயே புறப்பட்டுவிட்டார்கள் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரியும். ஷீபா ஸ்டாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளேயிருந்து வந்த உங்கள் வசவைக் கேட்டாள். அவள் முகம் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நடுங்கியது. கார்த்திக் பெட்டிகளைத் தூறலிலேயே வைத்துவிட்டு, படியேறி வந்து, எனக்குப் பக்கத்தில் மூங்கிலைப் பிடித்துத் தூக்கினான். ஸ்டார் ஒரு சாண் நகர்ந்தது.

"ஆங்! இப்பத்தான் புடிக்கிற மாதிரி புடிக்கிற" என்றீர்கள் உள்ளேயிருந்து. "இவ்ளோ நேரம் என்ன பண்ணிகினு இருந்த?"

நான் கார்த்திக்குக்கு இடம்விட்டுக் கொஞ்சம் நகர்ந்து பிடித்தேன்.

"ஏய், அது யார் கை? உன் கை இல்லியே அது."

மூங்கில் ஓரத்தில் அவன் விரல்கள் மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"உங்க மருமகன்ணே" என்றேன்.

கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதே மூங்கிலைப் பிடித்தபடி நின்றோம். இத்தனை மாதத் திட்டம், மூன்று ஒத்திகை. நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று காதைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"ரொம்பக் கனமா இருக்கா?" என்று கேட்டீர்கள். அப்படி ஒரு சின்னக் குரலை உங்களிடம் நான் கேட்டதே இல்லை.

"இல்ல மாமா, பரவால்ல" என்றான். கொஞ்சம் பொறுத்து அவனே, "இந்த ஒரு மூலைய மட்டும் அறுத்துட்டு, வெளிய வெச்சுக் கட்டிக்கலாமா மாமா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அறுத்துருவோம் மாப்ள" என்றீர்கள். காலையிலிருந்து அதையேதான் நான் கத்திக்கொண்டிருந்தேன், அண்ணே. இதை எழுதும்போதும் எனக்குக் கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்கிறது.

அதற்குள் குழந்தை அழ, சமையலறையில் அண்ணி காதில் அது விழுந்துவிட்டது. "பிள்ள மழையில நிக்கி, நீங்க ஸ்டாரக் கெட்டிப்பிடிச்சிட்டு நிக்கிய!" என்று சத்தம் போட்டபடி பின்வாசல் வழியாக ஓடி, வாழைமரத்தைச் சுற்றிக்கொண்டு சேற்றுக்காலோடு முன்னால் வந்து சேர்ந்தார்கள். பின்வாசல் என்று ஒன்று இருப்பதே அதுவரை எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அப்போதும் நீங்கள் அந்த வழியாக வரவில்லை. ஜன்னல் கம்பி வழியாக ரம்பத்தை நீட்டினீர்கள். கார்த்திக் அறுத்தான். அந்த ஓட்டை வழியாகக் குனிந்து வெளியே வந்தீர்கள். தலையில் மைதா பசை, காதில் சிவப்புத் தாள், மடித்துக்கட்டிய லுங்கி. ஷீபா குழந்தையை நீட்டினாள்.

"கையெல்லாம் பசையா இருக்கு. யாராவது தண்ணி கொண்டாங்களேன்" என்றீர்கள். அதைச் சொல்லும்போதே உங்களுக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீர் வருவதற்குள் குழந்தை உங்கள் மூக்கைப் பிடித்துவிட்டது. அதன் கையிலும் பசை.

பிறகு சார்ட்டை யார் பார்த்தார்கள்? கேக்கைச் சாப்பிட்ட எல்லோரும் பலாப்பழம் நன்றாக இருக்கிறது என்றார்கள், கேக் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒயினைத் திராட்சைச் சாறு என்று நம்பி இரண்டு டம்ளர் குடித்த வசந்தா, குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுகிறேன் என்று ஆரம்பித்துத் தானே தூங்கிப்போனாள். திரும்பக் கட்டிய மூலை ஒரு பக்கமாகத் தொங்கியது. பாட்டுப் பாட வந்த சர்ச்சுப் பையன்கள், "அங்கிள், ஸ்டாருக்குக் கால் சுளுக்கா?" என்று கேட்டபோது, "என் மாப்ள கட்டுனது, அப்படித்தான் இருக்கும்" என்று பெருமையாகச் சொன்னீர்கள்.

அவர்களை ஓசூருக்கு பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி நடக்கும்போது, நீங்களாகவே ஒன்று சொன்னீர்கள். "ஒரு போன் பண்ணியிருந்தா ஆறு மாச வேலை மிச்சம்டா." நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "போன் பண்ணப் பயந்துதான் இவ்ளோ வேலை பாத்தேன்" என்றீர்கள். அப்புறம் நாம் வேறு எதையோ பேசிக்கொண்டு வந்தோம்.

ரிடையர் ஆகி ஊருக்குப் போன பிறகும் மே மாதம் வந்தால் போன் செய்து தோப்பு நிலவரம் கேட்பீர்கள். இந்த வருடம் மாசியில் ஷீபாதான் போன் செய்தாள். நானும் வசந்தாவும் வந்து உங்கள் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்தோம். கார்த்திக் ஓடியாடி எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தான். வந்தவர்களிடம் தன்னை மகன் என்றே சொல்லிக்கொண்டான்.

உங்களிடம் சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது. இட்லி போதும் என்ற என் பையன் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். போன வாரம் போனில், ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது, தீபாவளிக்குக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டான். வேறு ஊர், வேறு சாதி. வசந்தா சோற்றைத் தொடவில்லை. நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உடனே எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், புது நாற்காலி போட வேண்டும், தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் மனதைத் தயார் செய்துகொள்ளலாம்.

அங்கேதான் உங்கள் குரல் வந்து என்னைப் பிடித்தது.

பையனிடம் அந்தப் பெண்ணின் நம்பரை வாங்கினேன். கை வியர்த்தது, அண்ணே. மைன்ஸில் பெல்ட் அறுந்தபோதுகூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை. "யாருங்க?" என்றாள். சொன்னேன்.

"சாப்ட்டியாம்மா?" என்று கேட்டேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"சாப்பிட்டேன் அங்கிள். நீங்க?"

"ஆச்சு. தீபாவளி வரைக்கும் எதுக்கும்மா? உனக்கு எப்ப தோதோ அப்ப வா. சொல்லிட்டு வரணும்னுகூட இல்ல."

போனை வைத்ததும் வசந்தா அடுப்படியிலிருந்து வந்தாள். கண் சிவந்திருந்தது.

"வூடு இந்த லட்சணத்துல கெடக்குது. திடீர்னு அந்தப் பொண்ணு வந்து நின்னா என்னா பண்றது?"

"வந்து நிக்கட்டுமே" என்றேன்.