ரொட்டிமேல் விழுந்த வரி

பிப்ரவரி 9, திங்கள்

முழங்கால் வலி இன்று கொஞ்சம் குறைவு. படியிறங்கிக் கடைக்குப் போனேன். கீழே மகளும் மாப்பிள்ளையும் நடத்தும் பேக்கரி, மேலே ஒரு அறையில் நான். ரொட்டி வேகும் வாசனையில்தான் எனக்குப் பொழுது விடிகிறது. ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு இதைவிட நல்ல அலாரம் ஏது?

மாப்பிள்ளை பேப்பரை நீட்டினார். அடுத்த மாதம் முதல் பேக்கரியில் சுடுகிற எல்லாவற்றுக்கும் கிலோவுக்கு இவ்வளவு என்று புது வரி. "மாமா, காலமெல்லாம் பொருளாதாரம் சொல்லிக் குடுத்தீங்களே. இது யார் தலையில விழும், சொல்லுங்க."

கேட்டால் விடுவேனா? பிசையும் மேஜையில் மாவு தூவியிருந்தது. விரலால் இரண்டு கோடு இழுத்தேன். இது வாங்குபவர் கோடு, இது விற்பவர் கோடு. இரண்டும் வெட்டிக்கொள்கிற இடம்தான் சந்தை விலை. வரி வந்தால் விற்பவர் கோடு மேலே நகரும், வெட்டும் இடம் மாறும். விலை கொஞ்சம் ஏறும், விற்பனை கொஞ்சம் குறையும்.

"வரியை யார் கையால கட்டறாங்கங்கிறது முக்கியமே இல்ல மாப்பிள்ளை. ஒரு பெஞ்சில நாலு பேர் உட்கார்ந்திருக்காங்க. அஞ்சாவதா ஒரு குண்டன் வந்து இடிச்சுக்கிட்டு உட்கார்றான். எழுந்து போக வேற இடம் இருக்கிறவன் போயிடுவான். போக இடமில்லாதவன்தான் நசுங்குவான். அவ்வளவுதான் பாடம்."

மாஸ்டர் சிரித்தார். கடை திறந்த நாளிலிருந்து எங்கள் அடுப்பைப் பார்க்கிறவர் அவர். "படம் நல்லாத்தான் இருக்கு சார். கொஞ்சம் தள்ளிக்கிட்டீங்கன்னா மாவை உருட்டிடுவேன்." கோடுகள்மேல் உருண்டையைப் போட்டு அழுத்தினார். என் பாடம் பன்னுக்குள் போய்விட்டது.

மார்ச் 1, ஞாயிறு

வரி இன்று தொடங்கியது. வரி எவ்வளவோ அவ்வளவையும் விலையில் ஏற்றச் சொன்னது நான்தான். ரொட்டி உப்பு மாதிரி, விலை ஏறினால் முணுமுணுப்பார்கள், வாங்காமல் இருக்கமாட்டார்கள் என்றேன். மாப்பிள்ளைக்கு முகம் தெளிந்தது.

மார்ச் 6, வெள்ளி

முணுமுணுக்கிறார்கள். அதுவரை நான் சொன்னது சரி.

மார்ச் 11, புதன்

தட்டுத் தட்டாக ரொட்டி மிச்சம். நேற்றும் அப்படித்தான்.

தெருமுனைப் பெரிய கடையில் விலை ஏறவேயில்லையாம். வரியை அவர்களே விழுங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கென்ன, ரொட்டியில் விட்டதை சோப்பில் எடுப்பார்கள். எங்களுக்கு சோப்பு ஏது?

ரொட்டி இல்லாமல் இருக்க முடியாது. எங்கள் ரொட்டி இல்லாமல் இருக்கலாம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பரீட்சையில் கேட்டு எத்தனை பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன்!

சாப்பிடும்போது மாப்பிள்ளை சொன்னார்: "உப்புன்னு சொன்னீங்க மாமா. ஊரே உப்பில்லாமச் சாப்பிடுது போல."

நாளை முதல் பழைய விலை.

மார்ச் 17, செவ்வாய்

வாங்குபவரிடம் தள்ள முடியாவிட்டால் பின்பக்கம் தள்ள வேண்டும். மாப்பிள்ளையோடு மாவு வியாபாரியிடம் நானும் போனேன். மூட்டைக்குக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டோம்.

"வரி உங்களுக்கு. மாலையை ஏன் என் கழுத்துல போடறீங்க?" என்றார், மரியாதையாகத்தான். "ஊர்ல உங்களது ஒண்ணுதான் அடுப்பா சார்? ஓட்டல்காரன் இருக்கான், பிஸ்கட் கம்பெனிக்காரன் இருக்கான். நீங்க எடுக்கலேன்னா மூட்டை அந்தப் பக்கம் போகுது." டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

வாடகையைக் குறைக்கக் கேட்கலாமென்றால் கட்டடத்துச் சொந்தக்காரர் போனையே எடுக்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

பாக்கெட் போடுகிற அம்மாவை நிறுத்திவிட்டார்கள். அவருக்கு ஒன்றும் கஷ்டமில்லை, பெரிய கடையிலேயே சேர்ந்துவிட்டார். இனி மாஸ்டரே சுட்டு, மாஸ்டரே தூக்கி, மாஸ்டரே பாக்கெட் போட வேண்டும்.

சாயங்காலம் சுடுகிற தட்டுகளும் நின்றன, வரி போக அதில் மிச்சமில்லையாம். மாலையில் சுட்ட சூட்டோடு வாங்கிப் போகிறவர்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த ரொட்டியை நினைத்துக்கொண்டிருந்தேன். அது வாங்குபவர் வயிற்றுக்கும் போகவில்லை, எங்கள் கல்லாவுக்கும் வரவில்லை. சுடாத ரொட்டிக்கு வரி ஏது, அரசாங்கத்துக்கும் அதில் சல்லிக்காசு இல்லை. யாருக்கும் ஆகாமல் போன நஷ்டம். கரும்பலகையில் அதை ஒரு சின்ன முக்கோணமாகப் போட்டு நிழல் தீட்டுவேன். "இதுதான் வீண்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

மார்ச் 24, செவ்வாய்

மாஸ்டரின் சம்பளத்தில் கால்வாசியைக் குறைத்துவிட்டார் மாப்பிள்ளை.

என்னிடம் வந்து சொன்னபோது தப்பு செய்தவர் முகமாக இல்லை. வீட்டுப்பாடம் சரியாகச் செய்துவிட்டு நோட்டை நீட்டுகிற பையன் முகம். "உங்க பெஞ்சுக் கதைதான் மாமா. யோசிச்சுப் பார்த்தேன். வாங்குறவனுக்குப் போக இடம் இருக்கு. மாவுக்காரனுக்கு இருக்கு. அந்தம்மாவுக்கும் இருந்தது. இடமே இல்லாதவர் யாரு? மாஸ்டர்தான். இந்த வயசுல அவரை யார் எடுப்பாங்க? சொன்னேன், சரின்னுட்டாரு."

"யார் சுமப்பாங்கன்னு சொன்னேன் மாப்பிள்ளை. யாரைச் சுமக்க வைக்கலாம்னு சொல்லல."

"ரெண்டுக்கும் என்ன மாமா வித்தியாசம்?"

நிஜமாகவே தெரியாமல் கேட்டார். என்ன வித்தியாசம்? பாடத்தில் ஏதாவது உண்டா? கோடு தானாக நகரும் என்றுதான் நான் போடுவேன். அதை ஒரு ஆள் நகர்த்த வேண்டியிருக்கிறது — பேர் சொல்லிக் கூப்பிட்டு, நிற்கவைத்து, "இந்த மாசத்திலிருந்து இவ்வளவுதான்" என்று.

மகளிடம் போனேன். "அவரைத் திட்டாதீங்கப்பா. அவருக்குத் தூக்கமே இல்ல. மாஸ்டர் சம்பளமா கடையான்னு வந்தா நான் எதைச் சொல்றது? நீங்களும் நானும் இந்த அடுப்புலதான் சாப்பிடறோம்."

உண்மைதான்.

மார்ச் 26, வியாழன்

மாஸ்டரிடம் வேறு எங்காவது கேட்டுப் பார்க்கச் சொன்னேன். சொல்லவே கூச்சமாக இருந்தது.

"கேட்டாச்சு சார். பெரிய கடைக்குத்தான் போனேன். அங்க எல்லாம் மெஷின். வயசு என்னன்னு கேட்டான் அந்தத் தம்பி. சொன்னேன். எழுந்து நின்னு கும்பிட்டான் சார்! வேலை மட்டும் இல்லேன்னுட்டான்." வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

மார்ச் 29, ஞாயிறு

ஒரு யோசனை. என் பென்ஷனில் பெரும்பகுதி கடைக்கு அடுப்பு வாங்கிய கடனுக்குப் போகிறது. மிச்சத்தில் மருந்துச் செலவு போக ஏதோ நிற்கும். அதை மாதாமாதம் மாஸ்டரிடம் கொடுத்துவிடலாமே என்று மகளிடம் சொன்னேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லதுப்பா. எனக்கும் அவரைப் பார்த்தாப் பாவமா இருக்கு. நீங்க குடுக்கறதா இருந்தா, கடையிலிருந்து குடுக்கறதை இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கலாமான்னு உங்க மாப்பிள்ளைகிட்ட கேட்டுப் பார்க்கவா?"

சூது இல்லாமல்தான் கேட்டாள். நான் பெற்ற பிள்ளை, அவள் மனசு எனக்குத் தெரியும். கொடுக்கிற உதவியும் வரியைப் போலத்தான், வாங்கிய கையில் நிற்காது, வழுக்கிக்கொண்டு வலுத்தவன் பக்கம் போகும். அதையும் நான் நடத்தியிருக்கிறேன்.

யோசனையை விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

தனியாளாகத் தட்டு தூக்கி மாஸ்டருக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. கை பாதிக்குமேல் எழவில்லை. "லீவு போடுங்க" என்றேன். "போட்டா அன்னைக்குக் கூலி இல்ல சார்." இதுவும் புது ஏற்பாடு. எனக்குச் சொல்லவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

மாஸ்டருடைய வீட்டம்மா வந்திருக்கிறார். தையல் கடையில் பட்டன் வைக்கிற வேலை அவருக்கு. சொந்தக் கையில் காசு பார்க்கிற வேலை. அதை விட்டுவிட்டு, தோள் சரியாகிறவரை தட்டு தூக்க வந்துவிட்டார்.

மாப்பிள்ளை இழுத்தார்: "சம்பளம்னு நான் ஒண்ணும் சொல்லலையேம்மா…"

"நான் இவருக்குத்தானே வந்தேன், உங்களுக்கா வந்தேன்?" என்று முந்தானையைச் செருகிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "கல்யாணமான புதுசுல கூட இவ்வளவு நேரம் இவர் பக்கத்துல இருந்ததில்ல சார். இதுக்கு ஒரு வரி வர வேண்டியிருக்கு!"

மாஸ்டர் சிரிக்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 30, வியாழன்

தையல் கடையில் அந்த அம்மா இடத்துக்கு வேறு ஆள் வைத்துவிட்டார்களாம்.

மே 21, வியாழன்

வெயில் தாங்கவில்லை. மாஸ்டர் வீட்டம்மா பாக்கெட் போடுவதில் நல்ல வேகம் பிடித்துவிட்டார். மாஸ்டரின் தோள் இன்னும் சரியாகவில்லை. அதைப் பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை, நானும்தான்.

ஜூன் 6, சனி

காலையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல கூட்டம். பேங்க்கில் வேலை பார்க்கிற ஒருவர் ரொட்டி வாங்க வந்தார். வரிக்கு முன்பும் வந்தவர், நடுவில் பெரிய கடைக்குப் போய்விட்டுத் திரும்பியவர்.

"வரி வரின்னு என்னமா பயமுறுத்தினாங்க! இதோ பாருங்க, அதே ரொட்டி, அதே விலை. கடையும் நடக்குது, நானும் சாப்பிடறேன். இந்த வரி யார் தலையிலயும் விழலை, இல்லையா சார்? நீங்க வாத்தியார், நீங்களே சொல்லுங்க."

மாப்பிள்ளை கல்லாவிலிருந்து தலை நிமிர்ந்தார். மகள் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். உள்ளே தட்டு வைக்கிற சத்தம். மாஸ்டர் வீட்டம்மா மட்டும் பாக்கெட் கட்டிய நூலைப் பல்லால் அறுத்து, பாக்கெட்டை அவர் பக்கம் நகர்த்தி, "சில்லறையாக் குடுத்தா நல்லாருக்கும்" என்றார்.

"ஆமாம், யார் தலையிலயும் விழல" என்றேன் நான்.