பெற்றோரை அழைத்து வரவும்

சோழவந்தான்
12.7.2024

அன்புள்ள பாகீ,

நான் நலம். நீ நலமா என்று போனில் கேட்கலாமென்றால் என்னை பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய். அதனால் தபாலாபீசுக்குப் போய் இன்லேண்ட் லெட்டர் வாங்கினேன். "யாருக்கு டீச்சர் காயிதம்?" என்று கவுண்டரில் இருந்த சோணை அண்ணன் கேட்டார். ஒரு கோபக்காரிக்கு என்றேன்.

ஆசிரியர்கள் பாடம் பகிர்ந்து கற்றுக்கொள்ளும் அந்த இணையக் குழுவில் என்னைப் பிடித்துச் சேர்த்தது நீதானடி. "மனசில பட்டதை எழுது கனகம், கூச்சப்படாதே" என்று சொன்னதும் நீதான். நானோ இருபது வருஷமாக நோட்டுத் திருத்துகிறவள். தோசையை வெட்டி நீ பின்னம் நடத்திய வீடியோவைப் பார்த்ததும் கை தன்னால் எழுதிவிட்டது: "4/10. துண்டுகள் சமமாக இல்லை. கவனம் தேவை. பெற்றோரை அழைத்து வரவும்." அனுப்பிய பிறகுதான் அது ஐந்தாம் வகுப்பு நோட்டு இல்லை என்று உறைத்தது.

மன்னித்துக்கொள். ஆனாலும் அந்தக் கால் தோசையில் ஒன்று பெரிசுதான்.

உன்
கனகலட்சுமி


செல்லூர்
18.7.2024

கனகலட்சுமி டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னிப்புக் கேட்கும் கடிதத்திலும் தோசையை அளக்கிறீர்கள். குழுவில் அத்தனை பேரும் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள். எங்கள் தலைமையாசிரியர் தினமும், "என்ன டீச்சர், அப்பா வந்தாரா?" என்று கேட்கிறார். பயிற்சிப் பள்ளியில் நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததை மறந்துவிடலாம். இனிக் கடிதம் வேண்டாம்.

இப்படிக்கு,
சு. பாகீரதி


சோழவந்தான்
2.8.2024

அடியே பாகீ,

வேண்டாமென்றாலும் எழுதுவேன். போன வாரம் நானும் ஒரு வீடியோ போட்டேன். வெற்றிலையை அடுக்கி வைத்துப் பெருக்கல் நடத்தினேன். பாதியில் அடுக்கு சரிந்து, இலையெல்லாம் தரையில். கேமரா முன்னால் நிற்பது எம்புட்டுப் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. உன்னைப் பற்றி அம்புட்டுப் பேர் முன்னால் அப்படி எழுதியிருக்கக் கூடாதடி.

எனக்கு எல்லாரும் "அருமை", "சிறப்பு" என்றுதான் எழுதினார்கள். நீ பார்த்தாயா என்று போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். குறை சொல்ல நீ இல்லாமல் இவர்கள் பாராட்டி எனக்கு என்ன ஆகப்போகிறது? அழுகையாக வருது.

உன் தோசைப் பாடத்தை என் வகுப்பில் நடத்தினேன். பின்னம் என்றாலே வயிற்றுவலி வந்துவிடும் சத்யப்ரியா, "டீச்சர், எனக்கு முக்கால் தோசை" என்று கேட்டாள். உடனே குழுவில் நாலை அடித்துவிட்டு ஒன்பது போட்டுவிட்டேன். பத்து கேட்காதே. அந்தத் துண்டு பெரிசு.

உன்
கனகம்


செல்லூர்
9.8.2024

கனகம்,

உன் வீடியோ பார்த்தேன். 3/10. கேமராவைப் பார்த்துப் பேசாமல் மின்விசிறியிடம் பேசியிருக்கிறாய். இதை நான் குழுவில் போடவில்லை, கடிதத்தில்தான் எழுதுகிறேன். எனக்கு நாகரிகம் தெரியும்.

நீ இல்லாமல் எனக்கும் பொழுது போகவில்லை, போ.

அந்தப் பெரிய துண்டைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். "அது எனக்குன்னு நீ பெருசா வெட்டினதும்மா. அதுக்குப் போய் மார்க் குறைச்சாளா?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அவரோடு வாரேன். மாவு அரைத்து வை.

நீ கேட்டபடி பெற்றோரை அழைத்து வருகிறேன். வகுப்புக்கு வெளியே நிற்க வைத்துவிடாதே, அவருக்கு முட்டிவலி.

பாகீ