எரிகல் பிடித்த மகானுக்கு

ராத்திரி பூரா மொட்டை மாடியில கேமராவும் கையுமா எரிகல் பிடிச்ச மகானே,

எழுந்ததும் முதல் வேலை, மாடிப்படி பல்பை மாட்டுங்க. செருப்பு வைக்கிற அலமாரியில கிடக்கு. நீங்க அதைக் கழட்டினதால கீழ் வீட்டுப் பல் டாக்டர் இருட்டுல வழுக்கி விழுந்திருக்காரு. சாயங்காலம் வந்து பேசறேன்னு சொன்னாரு. "வெளிச்சம் இருந்தா படம் சரியா விழாது சார்"னு வியாக்கியானம் பண்ணாம மன்னிப்பு கேளுங்க.

சோறும் முட்டையும் அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன்.

பனி படியக் கூடாதுன்னு லென்ஸுக்கு மாட்டிவிட்ட சாக்ஸ் நம்ம பொண்ணோடது. காலுக்கு ஒரு கலர் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிருக்கா. துவைச்சுப் போடுங்க.

"கிடைச்சிருச்சு"ன்னு குதிச்சீங்களே, படத்துல விழுந்த அந்த வெளிச்சக் கோட்டைப் பெருசாக்கிப் பார்த்தேன். சிவப்பு விளக்கு புள்ளி புள்ளியா மின்னுது. அது விமானம்.

நீங்க மாடியிலயே தூங்கறதால, வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டுல கொடுத்திருக்கேன்.

பி.கு: நான் டீ கொண்டுவந்தப்ப, "டார்ச்சை அணைடி, எல்லாம் போச்சு!"ன்னு கத்தினீங்க. அணைச்சேன். நீங்க கேமராவைக் கையில எடுத்து, குனிஞ்சு, திரையில அந்த விமானப் படத்தைக் கொஞ்சிக்கிட்டிருந்தீங்க. அப்பத்தான் உங்க தலைக்கு மேல வானத்தைக் கிழிச்சுக்கிட்டு நிஜ எரிகல் ஒண்ணு பச்சையாப் போச்சு. மாடி முழுக்க வெளிச்சம். உங்க வழுக்கை கூட மின்னுச்சு, நீங்கதான் நிமிரவே இல்ல.

கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். திரும்ப வாங்கிக் கட்டிக்க வேண்டாம்னு மூடிக்கிட்டேன்.

எப்படி இருந்துச்சுன்னு தெரியணுமா? இன்னிக்கு ராத்திரி நான் மாடியில உட்கார்ந்திருப்பேன். டீ போட்டுக் கொண்டுவாங்க. டார்ச் அடிச்சுக்கிட்டே வரலாம், நான் கத்த மாட்டேன்.